ஒன்பது நொடிக் காற்று

அண்ணன் இறந்து பதினோரு நாளாகியும், அவன் நிறுத்திவைத்த விளையாட்டு டிவித் திரையில் அப்படியே நிற்கிறது. உடைந்த விண்கலத்துக்குள், மூடிய கதவின் முன்னால், அவனுடைய நீலப் பொம்மையும் தங்கையின் சிவப்புப் பொம்மையும். மேல் மூலையில் காற்று இன்னும் ஒன்பது நொடி. அந்தப் பழைய விளையாட்டுப் பெட்டியில் எதையும் சேமித்துவைக்க முடியாது, அணைத்தால் முதலிலிருந்துதான். "ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்திடறேன், கை வைக்காதே குரங்கே" என்று சொல்லிவிட்டுப் போனவன் அவன். இத்தனை நாள் அணைக்காத சூட்டில் பெட்டியின் வயர் பழுப்பேறிச் சுருங்குகிறது, பிளாஸ்டிக் கருகும் வாடை கூடத்தை நிறைக்கிறது. "அணைச்சிடும்மா, வீடே பத்திக்கப் போகுது" என்கிறாள் அம்மா. இரண்டு பொம்மைகளும் ஒரே நேரத்தில் தரையிலுள்ள இரண்டு கட்டைகள்மேல் நின்றால்தான் அந்தக் கதவு திறக்கும். தங்கை தன் ஜாய்ஸ்டிக்கை எடுத்துக்கொண்டு, அண்ணனுடையதைத் தொடாமல் பார்க்கிறாள். அம்மா வந்து தரையில் உட்கார்ந்து, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு அதை எடுக்கிறாள். "எதை அமுக்கணும்?" பெட்டியிலிருந்து ஓர் இழை புகை எழுகிறது. "நடுவுல இருக்கறதை." அம்மா அமுக்குகிறாள்; ஆட்டம் மறுபடி ஓட, திரையில் அபாய மணி அலறுகிறது. எட்டு. ஏழு. "அம்மா, இந்தப் பக்கம்!" நீலப் பொம்மை தப்பான பக்கம் நடக்கிறது.