பேச்சியம்மா வீட்டு ஆம்பிளை

சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த விமலேஸ்வரியின் கை அப்படியே நின்றது. வேலிக்கு அங்காலே அந்த இருமல் மறுபடியும் கேட்டது. ஆம்பிளை இருமல்.

"கேட்டியோ?" என்றான் யோகலிங்கம். மடியில் கைக்குழந்தையைப் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தவன் வேலிப்பக்கம் காதைக் கொடுத்தான்.

"ம்."

"மனுசன் பின்னால வாறார் எண்டு சொல்லித்தானே கலவரத்தோட மலைநாட்டில இருந்து வந்தவள் இந்தப் பேச்சி? இரண்டு வருசமாச்சு, வந்தவரோ? இப்ப உள்ளுக்கை ஆரோ இருமுறான். பீடி மணக்குது. கொடியில ஆம்பிளை கட்டுற சாரம் காயுது. முரசுமோட்டை ஊர் முழுக்கச் சிரிக்குது."

விமலேஸ்வரி குனிந்து சுளகில் கல் பொறுக்கினாள். புருசனோடு கதைப்பதென்றாலும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு கதைக்கிறவள் அவள்.

"நாளைக்கு ஊராக்கள் கோயிலடியில கூடிக் கதைக்கப் போறம். ஆம்பிளை நிண்டால் அவளை அந்தக் காணியில இருந்து எழுப்போணும். இல்லையெண்டால் அது வேற கதை. நீ ஒருக்கால் போய்ப் பாத்திட்டு வா. உண்மையில உள்ளுக்கை ஆள் நிக்கிறானோ இல்லையோ, அதை மட்டும் எனக்குச் சொல்லு."

"நானோ? என்னெண்டு..."

"தணல் எடுக்க வந்தனான் எண்டு சொல்லன். ஊமைக்கோட்டான் மாதிரி முழிச்சுக்கொண்டு நில்லாதை."

உடைந்த சட்டியொன்றை எடுத்துக்கொண்டு போனாள். விளக்கு வைக்கிற நேரம். கிடுகு மறைப்பின் ஓட்டையில் கண்ணை வைக்கவே அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

உள்ளே ஆம்பிளை இல்லை.

பேச்சியம்மாவும் நாலு வயது மகளும் மட்டும் சுவரோரம் குந்தியிருந்தார்கள். பேச்சி முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டு இருமினாள். பிறகு கரகரத்த குரலில், "ஏய் பேச்சி! கத்திய எங்க வச்ச?" என்றாள். உடனேயே தன் சொந்தக் குரலில், "கதவோரமா இருக்குங்க," என்றாள்.

விமலேஸ்வரியின் கையிலிருந்து சட்டி விழுந்தது.

"அக்கா!" பேச்சி ஓடிவந்து அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். "யாருகிட்டயும் சொல்லிப்புடாதீங்க. ஒங்க காலுல விழுறேன்."

"என்ன பேச்சி இது?"

"ராத்திரியில ஒருத்தர் வந்து வேலியப் பிரிக்கிறாருக்கா. இந்தப் புள்ளய வச்சுக்கிட்டு நான் என்னா பண்ணுவேன்? அதான் ஒரு ஆளச் செஞ்சேன்."

"செய்தனியோ?"

"ஆமாக்கா. மொத நாளு வெறும் இருமல்தான். அதுக்கு வேலியப் பிரிக்கிறவரு மசியல. அப்புறம் பீடி பத்த வச்சேன். அப்புறம் ஒரு பழைய சாரம் வாங்கிக் கொடியில போட்டேன். அப்புறம் கோவம். சோத்துல உப்பு கொறஞ்சா நம்ம ஆளு கோப்பைய வீசுவாரு. ஒரு கால இழுத்து இழுத்து நடப்பாரு. பாப்பாதான் அந்தக் காலு."

சிறுமி எழுந்து ஒரு காலைத் தரையில் தேய்த்து நடந்து காட்டினாள். சரக், சரக். விமலேஸ்வரிக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு முடிய முன்னமே அழுகையும் வந்தது.

"உன்ர மனுசன் உப்பிடியான ஆளே?"

"அவரா?" பேச்சி விளக்குத் திரியைத் தூண்டினாள். "எங்க வீரையா ஒரு நாளு சத்தமாப் பேசினதில்ல. தெருநாயக்கூட 'போப்பா'ன்னுதான் வெரட்டுவாரு. கலவரத்துல அடிக்க வந்தவங்ககிட்டயும் மெதுவாத்தான் பேசினாரு. பேசி முடிக்க வுடல." விரலில் ஒட்டிய கரியைச் சேலையில் துடைத்தாள். "அவரு கொரல்ல பேசினா யாருக்கா பயப்படுவா? அதான் வேற ஆளாச் செஞ்சேன்."

விமலேஸ்வரி சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தாள். "உனக்கு ஏன் இந்தப் பாடு? நான் இவரிட்டைச் சொல்லுறன். இவர் ஒருக்கால் அதட்டினால் அந்த நாய் இந்தப் பக்கம் தலை வைச்சும் படுக்காது."

பேச்சி தலைகுனிந்தாள். "வேணாங்க்கா."

"ஏன் வேண்டாம்? ஆரெண்டு மட்டும் சொல்லு, நான்..."

"விமலா!" வேலிக்கு அங்காலிருந்து யோகலிங்கத்தின் குரல்.

யாரும் சொல்லாமலே, அந்தக் குரல் கேட்டதும் சிறுமி கதவடிக்கு ஓடிப்போய்க் காலைத் தரையில் இழுத்தாள். சரக், சரக். பேச்சி முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்து இருமினாள்.

விமலேஸ்வரி இரண்டு பேரையும் பார்த்தபடி நின்றாள். பேச்சி அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"என்னப்பா, உள்ளுக்கை ஆள் நிக்கிறானோ?"

அதை மட்டும் சொல்லு என்று அவன் ஏன் சொன்னானென்பது இப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

கலியாணம் கட்டின நாளிலிருந்து அவள் அவனோடு சத்தமாகப் பேசியதில்லை. அன்றைக்குப் பேசினாள்.

"ஓம், நிக்கிறார்! பேச்சியின்ர மனுசன்தான். தாலி கட்டின மனுசன், வீரையா. போன மாசமே வந்திட்டாராம். பெரிய ஆளப்பா! கன்னத்தில நீட்டுக்குக் கத்தி வெட்டு..."

அந்தப் பேரைக் கேட்டதும் பேச்சி முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டாள். இந்த முறை இருமவில்லை.

வேலியடியில் நின்ற காலடிச் சத்தம் பின்வாங்கிப் போனது.

"எந்தக் கன்னம் அத்தை?" என்று சிறுமி காதோடு கேட்டாள்.

"இது." சிறுமியின் இடது கன்னத்தைத் தொட்டுக் காட்டினாள் விமலேஸ்வரி. "பேச்சி, கத்தி கதவடியிலேயே கிடக்கட்டும். இங்கை உனக்கு இருமுறதுக்கு ஒரு ஆள் இருக்கு. அங்கை என்ர வீட்டில எனக்கு ஆர்..."

"பிள்ளை அழுது, விமலா! வா வீட்டை!"