எட்டும் உயரம்

மாமியார் சட்டென்று நுழைந்துவிடாமலிருக்கப் படுக்கையறைக்குத் தாழ்ப்பாள் கேட்டிருந்தாள். நாளை அவள் புது வேலையில் சேரவேண்டும். தச்சனான கணவன் இன்றே கதவைக் கழற்றி மேசையில் கிடத்தி, தாழ்ப்பாள் வடிவில் துளையிட்ட அச்சுப் பலகையை அதன்மேல் இறுக்கி, மரத்தைக் குடையும் ரவுட்டர் எந்திரத்தைக் கையிலெடுத்தான்.

“ரவுட்டர் கோணிக்கிட்டுப் போயிடாதா?”

“அடியில கைடு புஷ் இருக்கு. அந்த வளையம் பலகை ஓரத்தை ஒட்டியே ஓடும். எவ்வளவு துள்ளினாலும் நான் போட்ட எல்லையைத் தாண்டாது.”

குழி பிசிறில்லாமல் விழுந்தது. பலகையை எடுத்துத் தூளைத் துடைத்தபோதுதான் கூடத்துப் பக்கத்தின் பச்சைப் பெயின்ட்டை அவள் கவனித்தாள்.

“என்னங்க, பக்கம் மாறிடுச்சு. இது வெளிப்பக்கமாச்சே.”

“மாறலை” என்றவன் கூடத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தான்.

“அம்மா, தாழ்ப்பாள் நாலடி உயரத்துல வருது, உங்க கைக்கு எட்டும்ல? நாளைக்குக் காலையில நீங்கதானே போடணும்.”