சைக்கிளுக்கு ஏற்ற நாய்

"இந்த நாயும் சரிப்படலைலே மைதீனு. வாங்கின வீட்டுலயே கொண்டு விட்டுட்டு வந்துட்டேன்."

சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, பீர் மைதீனின் சைக்கிள் கடை பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தான் சொரிமுத்து. தென்காசியில் ஒரு மரக்கடையில் அவனுக்குக் கணக்கெழுதும் வேலை. வேலை என்னவோ அதுதான், உயிரெல்லாம் சைக்கிள்மேல். உலகச் சண்டைக் காலம், பெட்ரோல் இல்லாமல் பஸ்களே கரியை எரித்து, புகையில் இருமிக்கொண்டு ஓடின. அவன் மட்டும் விடிந்ததும் குற்றாலம், ஞாயிற்றுக்கிழமையானால் செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு மலைப்பாதை என்று மிதித்துத் தள்ளுவான். கூடவே ஓடிவர ஒரு நாய் மட்டும் அமையவில்லை.

"அந்த ராஜபாளையம் நாய்க்கு என்னலே கேடு? ராசா மாதிரில்லா இருந்துது!" டியூபைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டே கேட்டான் பீர் மைதீன்.

"ராசாதான். காது கேக்கல. பின்னால பஸ்காரன் ஹாரனப் போட்டு அமுக்குதான், இது பாட்டுக்கு நடுரோட்டுல போவுது. எனக்கு உசுரே போயிட்டு."

"முன்ன ஒரு கோம்பை நாய் வச்சிருந்தியே?"

"எதுக்க வாறவன் காலையெல்லாம் கவ்வுதுலே."

"பங்களா துரை குடுத்த சடைநாய்?"

"அது ஐந்தருவிக்குப் பாதி வழியிலயே நாக்கத் தள்ளிட்டு."

பீர் மைதீன் டியூபைக் கீழே வைத்தான். "அப்ப உனக்குக் கன்னி ஜாதி வேட்டை நாய்தான் சரி. சுரண்டையில செல்லச்சாமி அண்ணாச்சி வீட்டுல ஒண்ணு நிக்கி. பேரு சிட்டு. முயலுக்கு முன்னால போய் நின்னு திரும்பிப் பாக்குமாம்!"

சொரிமுத்து எழுந்துவிட்டான். "என்ன வெல சொல்லுதாரு?"

"வெலைக்குக் குடுக்க மாட்டாவ. கன்னிய வித்தா வீட்டுக்கு ஆகாதும்பாவ. பொண்ணக் கட்டிக் குடுக்கையில சீதனமா அனுப்புறதோட சரி." பீர் மைதீன் கண்ணைச் சிமிட்டினான். "அந்த வீட்டுல ஒரு பொண்ணும் இருக்கு."

அத்தனை வருஷமாகக் கல்யாணப் பேச்சை எடுத்தாலே சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடிய மகன், அன்று ராத்திரி சோற்றைப் பிசைந்துகொண்டே, "சுரண்டையில ஒரு பொண்ணு இருக்காம்" என்றதும் அவன் அம்மா வடிவம்மாள் சுடலைமாடனுக்குப் பொங்கல் நேர்ந்துகொண்டாள்.

சுரண்டையில் ஜமுக்காளம் விரித்து உட்காரவைத்தார்கள். பெண் குருவம்மாள் கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்து வைத்தாள். அம்மா அவன் தொடையைக் கிள்ளி, "பாருலே" என்றாள். அவனும் பார்த்தான், முற்றத்து வேப்பமரத்தடியை.

அடடா, அதுவல்லவோ நாய்! கரிய உடம்பு. புருவத்திலும் காலிலும் செம்மண்ணைத் தொட்டு வைத்தாற்போல நிறம். நெஞ்சு ஆழம், வயிறு ஒட்டி, ஒரு பிடிக்குள் அடங்கும் இடுப்பு. தெருவில் ஒரு வண்டி மணி கேட்டதும் இரண்டு காதும் திரும்பின; குரைக்கவில்லை. சொரிமுத்துவுக்குக் காப்பி ஆறிப்போனது.

பெண் உள்ளே போனாள். அவள் அப்பா செல்லச்சாமியும் பின்னாலேயே போய்விட்டுத் திரும்பி வந்தார்.

"மாப்பிள்ள தெனமும் சைக்கிள் மிதிப்பியளோ?"

"ஒரு நாளும் விட்டதில்ல."

மறுபடி உள்ளே போய் வந்தார். "சாரல் பெஞ்சா?"

"நனைஞ்சுக்கிட்டே போவேன்."

இன்னொரு தடவை போய் வந்தார். "உச்சி வெயில்ல?"

"அப்ப மிதிக்க மாட்டேன். ரோடு கொதிக்கும்லா. நெழல் கண்ட எடத்துல நின்னு, தண்ணி குடிச்சுட்டுத்தான் போவேன்."

மாப்பிள்ளையின் உடம்பைச் சோதிக்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான். நான்காம் தடவை வெளியே வந்தபோது அவர் கையில் வெற்றிலைத் தட்டு இருந்தது.

கல்யாணம் நெருங்கியது. பெண்ணின் முகத்தை நினைத்துப் பார்த்தால் நாயின் முகம்தான் வந்தது. ஒரு பெண்ணின் வாழ்க்கையல்லவா! நாய்க்காகத் தாலி கட்டினவன் என்று தெரிந்தால் அவள் மனசு என்ன பாடுபடும்? தெரியவே கூடாது என்று சாமியை வேண்டிக்கொண்டான். கல்யாணமும் முடிந்தது. வண்டியில் பெண்ணும் பாத்திரங்களும் ஏற, சிட்டு வண்டிக்கு முன்னால் ஓடி வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சிட்டுவும் சைக்கிளும் ஆரியங்காவு வரை போய்த் திரும்பின. என்ன ஓட்டம்! ஏற்றத்தில் முன்னால், இறக்கத்தில் பக்கத்தில், பஸ் வந்தால் ஓரத்தில். சொன்னதுமில்லை, அதட்டினதுமில்லை. சொரிமுத்து வழியெல்லாம் தனக்குத்தானே சிரித்துக்கொண்டு வந்தான்.

வாசலில் குருவம்மாள் தண்ணீர்ச் சட்டியோடு நின்றாள். சிட்டுவுக்கு வைத்துவிட்டு, அதன் பாதங்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"ஒண்ணு கேக்கணும். பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு நீங்க என்னய ஒரு தடவகூடப் பாக்கல. நாயத்தான பாத்திய?"

சைக்கிள் கையிலிருந்து நழுவப் பார்த்தது. "அது வந்து... குருவு..."

"நான் கதவிடுக்கு வழியாப் பாத்துக்கிட்டுத்தான நின்னேன்."

அவன் தலையைத் தொங்கப் போட்டான். எல்லாம் போயிற்று என்று நினைத்தான். அவளோ முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"முன்ன வந்த ரெண்டு மாப்பிள்ளைமாரும் என்னையே பாத்துக்கிட்டு இருந்தாவ, வேண்டாம்னுட்டேன். சிட்டுவ ஓட விடாமக் கட்டிப் போட்டா செத்துரும், அதுக்குத் தோதா சைக்கிள் மிதிக்க ஒரு ஆளப் பாருங்கன்னு எங்க ஐயாகிட்ட ஒத்தக் கால்ல நின்னவளே நான்தான்!"