ஆறு கைகாட்டிகள்

"எழுபத்திரண்டு வயசுல எதுக்கு இந்தக் கரி அள்ளுற வேலை? டிக்கெட் கவுண்டருக்கு வந்துடுங்க. நாலு பேரோட பேசிட்டிருக்கலாம்," என்றாள் நெரிஸ். மூடிப்போன வேல்ஸ் நிலக்கரிச் சுரங்கத்தின் பழைய நீராவி ரயிலைச் சுற்றுலாப் பயணிகளுக்காகச் சம்பளமில்லாமல் ஓட்டும் குழுவுக்கு அவள்தான் பொறுப்பு.

"எனக்கு இன்ஜினே போதும்மா," என்றார் எம்ரிஸ்.

"அந்த டிரைவர் கெதின் ஒரு குட்மார்னிங்கூடச் சொல்ல மாட்டாரே!"

எம்ரிஸ் இன்ஜினில் ஏறிக்கொண்டார். ரயில் நகர்ந்தது.

"கைகாட்டி இறங்கிடுச்சு," என்றார் எம்ரிஸ், பாதையோர சிக்னலைப் பார்த்து.

"இறங்கிடுச்சு," என்றார் கெதின், முகம் திருப்பாமல்.

கைகாட்டியைப் பார்த்து ஒருவர் சொல்வதை மற்றவர் திருப்பிச் சொல்லியாக வேண்டும் என்பது ரயில் விதி. நாற்பது வருடத்துக்கு முன் வேலைநிறுத்தத்தை மீறிச் சுரங்கத்தில் இறங்கிய அண்ணன் எம்ரிஸோடு, தம்பி கெதின் அதன்பின் வேறெதுவும் பேசியதில்லை.

போக வர ஆறு கைகாட்டிகள். இன்னும் ஐந்து பாக்கி இருந்தன.