கொக்கியில்லாத ஏழு தகடுகள்

ஆறு கோடையிலும் ஞாயிறு தவறாமல் தன் தம்பியின் படகில் சால்மன் மீன் பிடிக்கப் போன என் மனைவி தவமலர், ஒருநாளும் மீனோடு வீடு திரும்பியதில்லை. "மீனெல்லாம் உன்னைக் கண்டு ஒளிக்குது" என்று நானும் சொல்லி அலுத்துப்போனேன். அவள் செத்து நான்காம் மாதம், அவளுடைய தூண்டில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அதே படகில் ஏறினேன். ஓடும் படகின் பின்னால் இழுத்துப்போக, சிறு மீன்போல மின்னும் ஏழு தகடுகள் பெட்டியில் இருந்தன. ஒன்றிலும் கொக்கி இல்லை. கொக்கிகள் எல்லாவற்றையும் குறட்டால் கழற்றி, வளையங்களைத் திரும்பவும் நெருக்கி மூடியிருந்தாள்.

"உனக்கு இது தெரியுமோ?" என்று அவள் தம்பி யசோதரனைக் கேட்டேன்.

"இல்லை அத்தான். தகட்டைக் கட்டேக்கை என்னை அங்காலை திரும்பிப் பார் எண்டுவா. மீன் வெக்கப்படுமாம்."

அவன் புதுக் கொக்கி ஒன்றையும் தடித்த தூண்டில் நரம்புச் சுருளையும் எடுத்து நீட்டினான். "இதைப் போடுங்கோ. அக்கான்ரை நரம்பு தலைமயிர் மாதிரி. சால்மன் ஒரு இழுவையிலை அறுத்துப்போடும்."

"கொக்கி இல்லாட்டி என்னெண்டு அறுக்கிறது?"

தகடுகளில் பச்சை நிறமானதைக் கொக்கி போடாமலே அவளுடைய மெல்லிய நரம்பிலேயே கட்டி நீருக்குள் விட்டேன். நரம்பை இரண்டு விரல்களுக்கு நடுவே பிடித்துக்கொண்டேன். படகு மெல்ல ஓடியது. வெகுநேரம் கழித்து ஆழத்தில் ஏதோ தட்டியது. விட்டது. திரும்பவும் வந்து தட்டியது.

"என்ன அத்தான்?" என்றான் யசோதரன்.

"அங்காலை பார்" என்றேன்.