அந்த வார்த்தை மட்டும் கூடாது

மருத்துவக் கல்லூரி, பேத்தாலஜி வகுப்புன்னதும் மூக்கைப் பொத்திக்கிட்டீங்களா? பிணம் எழுந்து உக்காரும்னு பாக்கறீங்களா? இல்ல, வராண்டாவுல காதலா? அதெல்லாம் கிடையாது, ஏமாந்து போங்க! ஒரு சதைத் துண்டு, ஒரு டெலிபோன், ஒரு புயல். அவ்வளவுதான்.

புயல்ங்கறது பேத்தாலஜி புரொபசருக்குப் பசங்க வச்ச பேரு. அவருக்கும் தெரியும். வெளிய கோபம், உள்ளுக்குள்ள ஏகப் பெருமை.

"ஓடி வாங்க, ஓடி வாங்க! புஸ்தகத்தை மூடுங்க! இன்னிக்கு எல்லாமே லைவ்!"

எட்டு பேரும் அந்தச் சின்ன லேபுக்குள்ள அடைஞ்சாங்க.

"மேல ஆபரேஷன் தியேட்டர்ல ஒரு பொண்ணு. இருபத்தாறு வயசு. சினைப்பையில கட்டி. வயித்தைத் திறந்து வச்சுக்கிட்டு சர்ஜன் காத்திருக்கார். துண்டு இப்பதான் வந்தது. உறைய வச்சு, சீவி, சாயம் ஏத்தி, இருபது நிமிஷத்துல நாம பதில் சொல்லணும். நல்ல கட்டின்னா அதை மட்டும் எடுத்துட்டுத் தையல். கெட்டதுன்னா?"

"கர்ப்பப்பையோட எடுத்துடுவாங்க சார்."

"எடுத்துடுவாங்க! அந்தப் பொண்ணுக்கு இன்னும் குழந்தை இல்ல. இப்ப புரியுதா, நாம சும்மா கண்ணாடிச் சில்லைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கறவங்க இல்லன்னு?"

எட்டு பேருக்கும் உடம்பு சிலிர்த்துப் போச்சு. புயலுக்கு அதைவிட ஜாஸ்தி.

டெக்னீஷியன் அக்கா உறைஞ்ச துண்டை வெங்காயத் தோல் கணக்கா சீவி, சாயத்துல முக்கி, ஸ்லைடை மைக்ராஸ்கோப்புல வச்சாங்க. பக்கத்துத் திரையில ஊதாவும் ரோஸுமா விரிஞ்சது.

"சொல்லுங்க! வரிசையா! தைரியமா!"

"நல்லது சார்."

"கெட்டது சார்!"

"நல்லது சார்."

"கெ... ந... நல்லது சார்."

"உனக்கு முதல்ல நாக்குல பயாப்சி எடுக்கணும். அடுத்தது!"

கடைசியா நின்ன பொண்ணு திரையை விட்டுக் கண்ணை எடுக்கல. "இந்த ஓரம் சாதுவா இருக்கு சார். அந்த ஓரத்துல செல்லெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நிக்குது. ஆனா வேலி தாண்டின மாதிரியும் இல்ல..."

"அதனால?"

"தெரியல சார்."

"என்னது?"

"இந்தத் துண்டை மட்டும் வச்சுத் தெரியல சார்."

வீசிடுச்சு புயல். "மேல வயித்தைத் திறந்து வச்சிருக்காங்க, கீழ இந்த அம்மாவுக்குத் தெரியலையாம்! தப்பா சொல்லு, திருத்தறேன். தெரியலைங்கறது டாக்டர் வாயில வரவே கூடாது! வெளிய போம்மா. உனக்கு இன்னிக்கு ஆப்சென்ட். இந்தப் போஸ்டிங்கையே திரும்பச் செய்!"

பொண்ணு போச்சு. கதவு மூடிச்சு.

"இப்ப பாருங்க" என்று புயல் மைக்ராஸ்கோப் முன்னாடி உக்காந்தார்.

இடது ஓரம். நல்லதுன்னு வாய் வரைக்கும் வந்துட்டுது. வலது ஓரம். வந்தது அப்படியே உள்ள போயிட்டுது.

"அக்கா, இன்னொண்ணு சீவுங்க."

அதுவும் அதே கதை. பிடரியில வேர்வை. முதுகுக்குப் பின்னாடி ஏழு மூச்சு. அடிச்சு விட்டுடலாமா? பாதிக்குப் பாதி சரியா இருக்கும். ஆனா பாதிக் கர்ப்பப்பைன்னு ஒண்ணு இல்லையே!

டெலிபோன் அலறிச்சு. ஸ்பீக்கர்ல சர்ஜன்.

"என்ன சார்? கத்தியோட நிக்கறேன், சொல்லுங்க!"

புயல் எழுந்து நின்னார். கோட்டை இழுத்து விட்டுக்கிட்டார். தொண்டையைச் செருமி, ரேடியோவுல செய்தி வாசிக்கற குரல்ல முழங்கினார்:

"டயக்னோசிஸ் டெஃபர்ட்!"

"ஓகே சார். அப்ப கர்ப்பப்பையைத் தொடல. கட்டியை மட்டும் எடுத்துட்டு மூடிடறேன். முழு ரிப்போர்ட் வந்ததும் பேசிக்கலாம்."

போன் வச்சதும் ஏழு பேரும் கைதட்டாத குறை. "டெஃபர்ட்!" "என்னா கம்பீரம்டா!" ஏழு நோட்டுலயும் பேனா ஓடிச்சு. ஒருத்தன் ரெண்டு தடவை அடிக்கோடு போட்டான்.

"எழுதிக்குங்க, எழுதிக்குங்க" என்றார் புயல், வேர்வையைத் துடைச்சபடி. "இதெல்லாம் முப்பது வருஷ அனுபவம் பேசற வார்த்தை!"

பிளேடைக் கழுவிக்கிட்டிருந்த டெக்னீஷியன் அக்கா திரும்பினாங்க.

"டெஃபர்ட்னா 'இப்பத் தெரியல'ன்னுதானே சார் அர்த்தம்? அப்ப அந்தப் பொண்ணு தமிழ்ல சொன்னதுதான் தப்பாப் போச்சா?"