மாடக்கண்ணுவின் கெண்டை

ஓடையில் கண்டெடுத்த புதுக் கெண்டை இனத்துக்கு, அதைப் பிடித்துக் கொடுத்த வனக்காவலர் மாடக்கண்ணுவின் பெயரையே வைத்தாள் ஆய்வாளர் செண்பகவல்லி. மாடக்கண்ணுவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

வாளியில் இரண்டு மீன்கள் நீந்தின. புது இனம் என்றால் ஒன்றையாவது மாதிரியாகக் கொன்று, கெடாமல் காக்கும் ஃபார்மலின் புட்டியில் போட்டாக வேண்டும். வழக்கம்போல, குறையில்லாத பெரிய மீனாகப் பார்த்துப் போட்டாள். செதில்களை எண்ணி, அளவெடுத்து, விவரத்தைப் பதிவுக்கு அனுப்பினாள்.

நாட்டின் ஓடைகளில் உள்ள மீன்களையெல்லாம் எண்ணிக்கொண்டே இருக்கும் கருவி, பெயர் இல்லாதவற்றின் கணக்கை மட்டும் வெளியே சொல்லாது. இப்போது அவள் கைபேசியில் சொன்னது: "பெயர் பதிவாயிற்று. இந்த இனத்தில் நேற்று இருந்தவை இரண்டு. இன்று இருப்பது ஒன்று, ஆண்."

செண்பகவல்லி புட்டியைப் பார்த்தாள். உள்ளே கிடந்த மீனின் வயிறு சினையால் புடைத்திருந்தது.

"என்னம்மா சொல்லுது?" என்றார் மாடக்கண்ணு.

சொன்னாள். அவர் வாளியருகே குத்தவைத்து, சுற்றிச்சுற்றி வந்த ஒற்றை மீனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எம் பேர எடுத்துருங்கம்மா."

"பதிவான பேர மாத்த முடியாது அண்ணாச்சி."

"அப்பம் எம் பேரன் பள்ளிக்கூடத்துல, அழிஞ்சுபோன மீனுன்னு எம் பேரயா வாசிப்பான்?"